பாட்டுக்கு அடியில் கிடந்த பேச்சு

கணினித் திரையின் மூலையில் "புதிய அப்டேட் வந்திருக்கிறது" என்று ஒரு பெட்டி எட்டிப் பார்த்தால் எனக்குப் பயம். பாட்டுப் பதிவு செய்கிற மென்பொருளை வைத்துச் சோறு தின்கிறவன் நான். ஒவ்வொரு அப்டேட்டும் எனக்கு ஏதாவது ஒரு வினையைக் கொண்டுவந்துதான் பழக்கம். ஒருமுறை அப்டேட் செய்துவிட்டுப் பார்த்தால் மைக்கை அதற்கு அடையாளம் தெரியவில்லை. இன்னொருமுறை, முக்கால்வாசி முடிந்திருந்த அம்மன் பாட்டு ஒன்றைத் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கையில் கோயில் தலைவர் என் வாசலில் வந்து நின்றதை நினைத்தால் இன்றைக்கும் வியர்க்கிறது. அதனால் "பிறகு பார்க்கலாம்" என்ற பொத்தானைத்தான் எப்போதும் அழுத்துவேன்.

என் பதிவறை கிளிநொச்சியில், ரயில் பாதைக்குக் கிட்ட இருக்கிறது. பதிவறை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். உழவு இயந்திரச் சாமான் விற்கிற கடையின் பின்பக்கத்து அறை. சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை வெட்டி ஒட்டியிருக்கிறேன். பாடுகிறவர் வந்ததும் யன்னலைச் சாத்தி, காற்றாடியை நிறுத்தி, ரயில் போகிற நேரத்தைப் பார்த்து, முன்கடையில் இரும்பைத் தட்ட வேண்டாம் என்று கெஞ்சி, அதற்குப் பிறகுதான் பதிவு தொடங்கும். இரண்டு பாட்டுப் பாடி முடிக்கையில் பாடகர் நனைந்த கோழி மாதிரி வெளியே வருவார். கோயில் பாட்டு, பள்ளிக்கூடத்துக் கீதம், ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிப் போகிறவர்களின் அறிவித்தல் எல்லாம் இங்கேதான் பிறக்கின்றன.

அதற்கு முன்னர் நான் கலியாண வீடியோக்காரன். எங்கள் பக்கத்தில் வீடியோ என்றால் அதற்கு ஒரு முறை இருந்தது. கலியாணமோ, பிள்ளை பெரியவளான சாமத்திய வீடோ, குடிபுகுதலோ, எடுத்த படத்தில் இருக்கிற சத்தத்தை அப்படியே விட்டால் சனம் ஏற்றுக்கொள்ளாது. "என்ன இது, காகம் கத்திறதும் ஆக்கள் கதைக்கிறதும்தான் கேக்குது" என்று கொடுத்த டிவிடியைத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். ஆகவே தொடக்கத்தில் இருந்து முடிவு வரை படப்பாட்டுகளைப் போட்டு மூடுவோம். மாப்பிள்ளை சிரிக்கிறார், பெண்ணின் தாய் அழுகிறா, பெரியவர் ஆசீர்வதிக்கிறார், எல்லாருடைய வாயும் அசைகிறது, கேட்பது மட்டும் பாட்டு. அன்றைக்கு அது ஒரு பிழையாக எனக்குத் தெரியவில்லை. வடிவாக இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

போன மாசியில் ஒரு காலை, ஜெயபுரத்தில் இருந்து ஓர் ஐயா வந்தார். அறுபது வயது இருக்கும். அவருடைய தாய் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து இங்கே வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். பேச்சில் மலையும் எங்கள் வன்னியும் கலந்திருக்கும். பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு டிவிடியை எடுத்து என் மேசையில் வைத்தார். உறையில் என்னுடைய பழைய கடைப் பெயர். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னர் அவருடைய வீட்டுக் குடிபுகுதலுக்கு நான் எடுத்த வீடியோ அது.

"தம்பி, இதுல பாட்ட எடுத்துட்டு, பேசுறத மட்டும் தர முடியுங்களா?" என்று கேட்டார்.

கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டதும் விசயத்தைச் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்னர் அவருடைய மனைவிக்குப் பாரிசவாதம் வந்திருக்கிறது. வலது கையும் காலும் கொஞ்சம் தேறிவிட்டன. பேச்சு மட்டும் திரும்பவில்லை. சொல்வதெல்லாம் அவவுக்கு விளங்குகிறது. ஆனால் வாயைத் திறந்தால் "இல்ல" என்ற ஒரு சொல் மட்டும்தான் வருகிறது. சாப்பிட்டாயா என்றாலும் "இல்ல", தலை இடிக்கிறதா என்றாலும் "இல்ல". எந்த "இல்ல" ஓம், எந்த "இல்ல" இல்லை என்பதை முகத்தைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

"முந்தியெல்லாம் ஒரு நிமிசம் வாய மூட மாட்டா தம்பி. நான் வயல்ல நிக்கிறப்பவே அவ என்னைய ஏசுறது பக்கத்து வரம்பு வரைக்கும் கேக்கும். இப்ப வீடு கப்புனு கெடக்கு. அவ குரல் எப்படி இருந்துச்சுங்கிறதே எனக்கு மறந்து போயிருமோன்னு பயமா இருக்கு. போன்ல பேசி வச்சதும் ஒண்ணும் இல்ல. இந்தப் படத்துலதான் வாய் நிக்காம அசையுது. தினமும் பார்க்கிறேன். என்ன சொல்லுறான்னுதான் புரியல."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்த வாயை மூடியவன் நான்தான். இவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரோ என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கே சமாதானம் சொன்னார்.

"பாட்டு அவ கேட்டதுதான் தம்பி. பால் காய்ச்சுற எடத்துக்கு இந்தப் பாட்டுத்தான் போடணும்னு ஒங்ககிட்ட ரெண்டு தரம் சொன்னா. ஒங்களுக்கு ஞாபகம் இருக்காது."

எனக்கு ஞாபகம் இல்லைதான். "ஐயா, தேத்தண்ணிக்குள்ள சீனியைப் போட்டுக் கலக்கினாப் பிறகு சீனியை மட்டும் திருப்பி எடுக்கேலுமோ? அதுமாதிரித்தான் இதுவும். ஏலாது ஐயா," என்றேன். அவர் தலையாட்டினார். எழும்பும்போது டிவிடியை மட்டும் எடுக்கவில்லை. "இங்கயே இருக்கட்டும். வீட்டுல வேற ஒண்ணு இருக்கு," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். போகிறவரைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்க எனக்கும் வாய் வரவில்லை.

அடுத்த மாதம் அந்த அப்டேட் வந்தது. வழக்கம்போல "பிறகு பார்க்கலாம்" என்றுதான் தள்ளிக்கொண்டிருந்தேன். ஆனால் இந்தத் தரம் அது விடவில்லை. அப்டேட் செய்யாவிட்டால் திறக்கவே மாட்டேன் என்று நின்றது. போனில் இருந்த டேற்றா முழுவதையும் அதற்குத் தின்னக் கொடுத்து, வாயில் வந்த வசவையெல்லாம் வைதுகொண்டு, காலையில் இருந்து மத்தியானம் வரை காத்திருந்தேன்.

திறந்ததும் என்னென்ன புதிதாக வந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் காட்டியது. முதலாவது, தானாகவே வாசிக்கிற வாத்தியக்காரர்கள். நாம் பாடிவிட்டால் போதும், அதைக் கேட்டு டிரம்ஸும் பேஸ் கிற்றாரும் கீபோர்டும் தாமாகவே சேர்ந்துகொள்ளும். இந்த டிரம்ஸ்காரர் பிந்தி வர மாட்டார், தேத்தண்ணி கேட்க மாட்டார், பாதியில் போனை எடுத்துக்கொண்டு வெளியே போக மாட்டார். சரி, நல்ல விசயம்தான் என்று நினைத்தேன். இரண்டாவது, பின்னால் கேட்கிற இரைச்சலை நீக்குகிற வசதி. அதைச் சோதிக்க யன்னலைத் திறந்து, காற்றாடியைப் போட்டு, முன்கடையில் இரும்பைத் தட்டச் சொல்லி, நானே நாலு வரி பாடிப் பதிந்தேன். நீக்கிப் பார்த்தால் தட்டலும் இல்லை, காற்றாடியும் இல்லை. என் கரகரத்த குரல் மட்டும் தனியே நின்றது. இத்தனை வருடம் எத்தனை பேரை இந்த அறைக்குள் வைத்து அவித்திருக்கிறேன் என்று நினைத்துச் சிரித்தேன்.

மூன்றாவது வசதியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. முடிந்த ஒரு பாட்டைக் கொடுத்தால் குரலை ஒரு பக்கம், டிரம்ஸை ஒரு பக்கம், பேஸை ஒரு பக்கம், மற்ற வாத்தியங்களை ஒரு பக்கம் என்று பிரித்துக் கொடுக்குமாம். நம்பவில்லை. நான்கு வருடத்துக்கு முன்னர் பதிந்த ஒரு பிள்ளையார் பாட்டை எடுத்துப் போட்டேன். அதன் தனித்தனிப் பதிவுகள் என்னுடைய பழைய கணினியோடு செத்துப் போய்விட்டன, கலந்து முடித்த பாட்டு மட்டும்தான் மிச்சம். ஒரு கோடு மெதுவாக நகர்ந்தது. பிறகு ஒன்றாக இருந்த பாட்டு நான்காகப் பிரிந்து திரையில் கீழே கீழே வந்து நின்றது. குரலை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் நிறுத்தினேன். பாடியவர் மூச்சு இழுப்பது கேட்டது. அந்த மூச்சை நான் பதிந்த அன்றைக்குக்கூடக் கேட்கவில்லை.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன். எனக்குக் கையெல்லாம் மயிர் கூச்செறிந்து போயிருந்தது. சீனியும் தேத்தண்ணியும் என்று பெரிய கதை சொல்லி ஒரு மனிசனை அனுப்பினவன் நான். இங்கே ஒரு யந்திரம் சீனியை எடுத்துத் தனியே கிண்ணத்தில் வைத்துக் காட்டுகிறது. யார் இதை யோசித்தார்கள், எப்படி யோசித்தார்கள், எனக்கு ஒரு இழவும் விளங்கவில்லை. கோயில் வாசலில் நிற்கிறபோது வருகிற மாதிரி ஒரு அடக்கம் வந்தது, அதை ஒளிக்க எனக்கு விருப்பமில்லை.

உடனே அந்த டிவிடியை எடுத்தேன். ஒரு விசயத்தில் எனக்கு அதிர்ஷ்டம் இருந்தது. வீடியோவில் பாட்டுப் போடும்போது சில பேர் உண்மைச் சத்தத்தை அடியோடு வெட்டி எறிந்துவிடுவார்கள். நான் வெட்டுவதில்லை, நன்றாகக் குறைத்துத்தான் விடுவேன். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குகிற இடைவெளியில் படம் செத்த மாதிரி இருக்கக் கூடாது என்பதற்காகச் செய்கிற வேலை அது. ஆகவே அந்த அம்மாவின் பேச்சு அங்கேதான் எங்கேயோ பாட்டுக்கு அடியில் கிடக்க வேண்டும்.

பால் காய்ச்சுகிற இடத்தை வெட்டி எடுத்துப் பிரிக்கக் கொடுத்தேன். வந்ததைக் கேட்டதும் தலையில் கைவைத்தேன். யந்திரம் சொன்ன சொல் தவறவில்லை. குரலைக் குரலாகத்தான் பிரித்திருந்தது. ஆனால் பாட்டுக்காரியின் குரலும் குரல்தானே! அவ பாடுகிற இடமெல்லாம் அவதான் கேட்கிறா. அடியில் யாரோ முணுமுணுக்கிறார்கள் என்பதற்கு மேல் ஒன்றும் பிடிபடவில்லை. ஆத்திரத்தில் மூடிவிடப் போனேன். அப்போது பாட்டுக்காரி ஒரு பல்லவியை முடித்துவிட்டு நிறுத்தினா. வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற இடம் வந்தது. அந்த வாத்தியங்களைத்தான் யந்திரம் எடுத்துவிட்டதே. வெறுமையாக இருந்த அந்த இடத்தில், தண்ணீருக்குள் இருந்து பேசுகிற மாதிரி, ஆனால் சொல் சொல்லாக, ஒரு பெண் குரல் கேட்டது.

"என்னங்க மரம் மாதிரி நிக்கிறீங்க? அந்தப் பக்கம் வாங்க. அடுப்பு இங்கதானே இருக்கு."

பன்னிரண்டு வருடமாக வட்டமான ஒரு தகட்டுக்குள் இருந்து, ஒருத்தருக்கும் கேட்காமல், இந்த அம்மா தன் புருசனை ஏசிக்கொண்டே இருந்திருக்கிறா. நான் வாய்விட்டு "அம்மாளே!" என்றேன். பாட்டுக்காரி மூச்சு வாங்குகிற ஒவ்வொரு இடமாகத் தேடினேன். மூன்று இடம் கிடைத்தது. அன்றைக்கே ஐயாவுக்குப் போன் எடுத்தேன்.

"கிடைச்சிருக்கு ஐயா. கொஞ்சம்தான். வந்து கேளுங்கோ."

எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்டுக்கொண்டார். பிறகு, "அவளையும் கூட்டிட்டு வாரேன்," என்றார்.

அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் வந்தார்கள். அம்மா நல்ல சேலை உடுத்து, தலையை இழுத்துக் கட்டி, வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்து வந்தா. வீடியோவில் நான் பார்த்த அதே முகம்தான். "வாங்கோ அம்மா, சுகமா இருக்கிறியளோ?" என்றேன். "இல்ல," என்று சிரித்தா. ஐயா உடனே, "நல்லா இருக்காங்கிறா," என்று மொழிபெயர்த்தார். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தி, திரையில் படத்தையும் போட்டு, குரலை மட்டும் விட்டேன்.

முதல் இடம் வந்தது. "என்னங்க மரம் மாதிரி நிக்கிறீங்க?" ஐயா ஒரு கேவல் மாதிரிச் சிரித்தார். தோளில் கிடந்த துவாயால் வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டாவது இடம். "பொங்குது, பொங்குது, இங்க பாருங்க, அங்க என்ன பார்வை!" ஐயா என் கையைப் பிடித்து அமுக்கினார். "இதுதான் தம்பி. இதே குரல்தான். இப்படித்தான் கத்துவா." கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நானும் அழுதுவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது இடத்தில் அம்மாவின் குரல் இறங்கியிருந்தது. ஏசல் இல்லை. பொங்கி வழிகிற பாலைப் பார்த்தபடி, புருசனுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொல்கிறா. "இந்த வீட்டுலயாச்சும் நம்ம..." அதற்குள் பாட்டுக்காரி அடுத்த சரணத்தைத் தொடங்கிவிட்டா. திரையில் அம்மாவின் வாய் அசைந்துகொண்டே இருந்தது.

"அப்புறம்? அப்புறம் என்ன தம்பி?" என்றார் ஐயா.

"அதுக்கு மேல ஏலாது ஐயா. பாட்டுக்காரியின்ர குரல் மூடிப்போட்டுது."

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "என்ன புள்ள சொன்ன? இந்த வீட்டுலயாச்சும் நம்ம... என்ன?"

அம்மா வாயைத் திறந்தா. "இல்ல," என்றா. தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் முயன்றா. "இல்ல... இல்ல... இல்ல..." கழுத்து நரம்பு புடைத்தது. சொல் உள்ளே இருக்கிறது, வாசல் மட்டும் திறக்கவில்லை என்று பார்க்கிற எனக்கே தெரிந்தது. இடது கையால் மடியில் அடித்தா. பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழத் தொடங்கினா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிசனுக்கு மனைவியின் குரல் வேண்டும் என்று இருவரும் சேர்ந்து ஓடினோமே, அந்த மனைவிக்குத் தன் குரலைக் கேட்க எப்படி இருக்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. இழந்த பொருளை அவவுக்கு முன்னால் மேசையில் வைத்துக் காட்டியிருக்கிறோம். ஐயா பதறிப்போய், "நிப்பாட்டுங்க தம்பி, நிப்பாட்டுங்க," என்றார். அவசரத்தில் எல்லாவற்றையும் நிறுத்துகிறேன் என்று எதையோ தட்டினேன். குரல் நின்றது. ஆனால் அதற்குப் பதிலாக மற்றப் பக்கம் பிரித்து வைத்திருந்த வாத்தியங்கள் தொடங்கிவிட்டன. பாட்டுக்காரி இல்லாத பாட்டு, மேளமும் வயலினும் குழலுமாக, அறை முழுக்கப் பெருகியது.

அதை நிறுத்தப் போன என் கை பாதியில் நின்றது. சுவர்ப் பக்கம் இருந்து யாரோ பாடினார்கள்.

அம்மாதான். முதலில் முனகல் போல இருந்தது. பிறகு சொல் வந்தது. ஒரு சொல், இரண்டு சொல், ஒரு முழு வரி. பாட்டுக்காரி பாட வேண்டிய இடத்தில், அவ விட்டுப்போன வெறுமையில், அந்தப் பாட்டின் சொற்களை அம்மா ஒன்றும் தவறாமல் வைத்துக்கொண்டே போனா. சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது, குரல் உடைந்திருந்தது. ஆனால் "இல்ல" என்ற ஒரு சொல்லைத் தவிர எதுவும் வராத வாயில் இருந்து மலையும் நிலவும் வீடும் வாசலும் வந்துகொண்டிருந்தன. தான் பாடுகிறேன் என்பது அவவுக்கே சரணத்தின் நடுவில்தான் தெரிந்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பி ஐயாவைப் பார்த்தா, கண் அகலத் திறந்திருந்தது, பாட்டை மட்டும் நிறுத்தவில்லை.

பிறகொரு நாள் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற ஒருவரிடம் விசாரித்தேன். மூளையில் பேச்சு இருக்கிற இடம் வேறு, பாட்டு இருக்கிற இடம் வேறு, இப்படிச் சில பேருக்கு நடக்கும் என்றார். இருக்கட்டும். காரணம் தெரிந்ததால் எனக்கு வியப்பு ஒரு துளியும் குறையவில்லை. ஒரு யந்திரம் பாட்டைப் பிரித்த அதிசயத்தைத்தான் அன்று காட்ட நினைத்தேன். அதைவிடப் பெரிய பிரிப்பு ஒன்று அந்த அம்மாவின் தலைக்குள் நடந்திருந்தது.

பாட்டு முடிந்தது. ஐயா மெதுவாகக் கையை நீட்டி மனைவியின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மைக் மேசையில் இருக்கிறது, மென்பொருள் திறந்திருக்கிறது, பதிவுப் பொத்தான் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது, நான் அதை அழுத்தவில்லை.

"ஐயா, மன்னியுங்கோ. நான் பதியேல்லை. விட்டிட்டன். அம்மாவை இன்னொருக்கால் பாடச் சொல்லுறியளோ? இப்பவே பதிவம். பழைய பேச்சையும் அதோட சேர்த்துப் போனில போட்டுத் தாறன்."

ஐயா எழும்பினார். அம்மாவின் இடது கையைப் பிடித்து எழுப்பிவிட்டார். துவாயை உதறித் தோளில் போட்டார்.

"பதிய வேணாம் தம்பி. பழைய பேச்சும் வேணாம். அந்தக் குரல் இல்லாத பாட்டு இருக்கில்ல, அத மட்டும் என் போன்ல ஏத்தி விடுங்க. பஸ்ஸுல போறப்பவே பாடுவா."